கணக்கு சாரின் கடிதக் கம்பி

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நடந்த கூத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் தெருமுனையில் குப்பை கொட்டிக் கிடந்த அந்த முக்கோணத் துண்டு நிலத்தில் நாலு குரோட்டன்ஸ் நட்டு, இரண்டு பெஞ்சு போட்டு, அந்தக் குட்டிப் பார்க்குக்குப் பேர் வைக்கும் வேலையை வார்டு ஆபீஸ்காரர்கள் நம்மிடமே விட்டுவிட்டார்கள். வாக்கிங் முடித்து உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். பாதிப் பேருக்கு நடிகர் வேண்டும். மூன்று பேருக்குச் செத்துப்போன கவுன்சிலர். நம் ரிடையர்டு பேங்க்காரர் மட்டும், நம் நாட்டுக் கணித மேதை யார் பேரையாவது வைத்தால் என்ன என்று மெல்லக் கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சரி, அப்படிப்பட்டவர்கள் பேரைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று யாரோ சவால் விட்டார்கள். ஒரு பேர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பழைய காலத்து ஆள் ஒருவருடைய பேர் இரண்டு பேருக்கு அரைகுறையாக வாயில் வந்தது. அதோடு வண்டி நின்றுவிட்டது. அதற்குப் பத்து நிமிடம் முன்பு, நாம் பள்ளிக்கூடம் போன காலத்துக் கிரிக்கெட் டீமை பேட்டிங் வரிசைப்படி ஒப்பித்ததும் இதே ஆட்கள்தான்.

எனக்கு இன்னொரு பேர் தெரியும். நம் தெருவிலேயே இருந்தவருடைய பேர். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேரைச் சொன்னால், பதினோரு வயதில் நான் செய்த ஒரு காரியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். என் வீட்டுக்காரரிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. வாட்ஸாப்பில் போட்டால் நீளம் என்று தாண்டிப் போய்விடுவீர்கள், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். அடுத்த ஞாயிறு பேர் முடிவாவதற்குள் படித்துவிடுங்கள்.

உங்களில் பாதிப் பேர் பின்னால் குடிவந்தவர்கள், அதனால் முதலிலிருந்து வருகிறேன். தெருவின் கடைசியில் இப்போது நாலு மாடி பி.ஜி. ஹாஸ்டல் இருக்கிறதே, அங்கே அப்போது மங்களூர் ஓடு போட்ட ஒரு சின்ன வீடு. அதில் கணக்கு சாரும் அவர் மனைவியும் இருந்தார்கள். குழந்தைகள் இல்லை. சார் கோலார் தங்கவயல்காரர். அவருடைய அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். சார் இங்கே ஒரு காலேஜில் கணக்கு லெக்சரர். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாங்கள் அவரை ஆன்ட்டி என்போம். இரண்டு பேரும் எங்கள் சர்ச்சுக்குத்தான் வருவார்கள். பூசை நேரத்தில் சார் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

அவரைப் பற்றித் தெருவுக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. மாதத்துக்கு நாலைந்து வெளிநாட்டுக் கடிதங்கள் வரும். தபாலிலேயே செஸ் ஆடுகிறார் என்று ஒரு கட்சி. கனடாவுக்கு ஓடிப்போகப் பார்க்கிறார் என்று இன்னொரு கட்சி. என் அப்பா விமானத் தொழிற்சாலையில் லேத் வேலை பார்த்தவர், ஒரு தலைமுடி கனத்தைப் பத்தாகப் பிரித்து இரும்பைச் சீவுகிறவர். கணக்கென்றால் அதுதான் கணக்கு என்பது அவருடைய முடிவு. சார் எழுதுவதை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அதில் ஒரு நம்பர்கூட இல்லை, எல்லாம் ஏ பி சி டி என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா பாவம் என்றாள். யாரைப் பாவம் என்றாள் என்று தெரியவில்லை.

ஒரே ஒரு தடவை தெரு சாரிடம் ஒரு வேலை கொடுத்தது. நம் தெருச் சங்கம் டிசம்பரில் பால் பேட்மிண்டன் போட்டி நடத்துமே, அதில் எந்த டீம் யாரோடு எப்போது ஆடுவது என்பதில் வருஷா வருஷம் அடிதடி வரும். மத்தியான வெயிலில் மேற்குப் பார்த்து ஆட யாருக்கும் இஷ்டமில்லை. அப்போது சங்கச் செகரெட்டரி, பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் நம் டென்ட் ஹவுஸ்காரர், கேலியாகத்தான் சாரிடம் அட்டவணை போட்டுத் தரச் சொன்னார். சார் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். மூன்று நாளா, நான் ஒரு சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் போட்டுவிடுவேனே என்று செகரெட்டரி டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். வந்தது ஒரே தாள். பதினோரு டீம்களுக்கும் வெயில் சரிசமமாகப் பங்காகியிருந்தது. யாரும் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் வெயிலில் ஆட வேண்டாம். அந்த வருடம் சண்டையே வரவில்லை, சண்டை வராததை யாரும் கவனிக்கவும் இல்லை. பரிசளிப்பில் இலவசமாக சோடா கொடுத்த கடைக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சார் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். நிஜமாகவே சந்தோஷமாகத் தட்டினார்.

நான் அந்த வீட்டுக்குப் போனது ஸ்டாம்ப்புக்காக. எங்கள் கான்வென்ட்டில் ஸ்டாம்ப் கிளப் இருந்தது. எதிர்வீட்டுப் பெண்ணும் அதில் இருந்தாள். அவளுடைய மாமா கப்பலில் வேலை. அவளிடம் இல்லாத நாடே இல்லை. என்னிடம் இருந்ததெல்லாம் நம் ஊர் ஸ்டாம்ப்தான், அதிலும் ஒரே மாதிரி இருபது. ஆகவே தபால்காரர் சார் வீட்டு கேட்டில் மணியடித்தால் நான் பின்னாலேயே போய் நின்றுவிடுவேன்.

சார் கவரைக் கிழிக்க மாட்டார். ஒரு கத்தியை வைத்து மூன்று பக்கமும் ஒட்டலைப் பிரித்து, கவரை ஒரு முழுத் தாளாக விரித்துவிடுவார். உள்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதில்தான் கணக்குப் போடுவார். நல்ல தாளில் எழுத அவருக்குக் கை வராதாம், தப்பு செய்யப் பயமாக இருக்குமாம். நீல மசியில் பொடிப்பொடியாக எழுதி, அடித்து, மறுபடி எழுதி, ஜன்னல் பக்கத்தில் தொங்கிய கடிதக் கம்பியில் குத்திவிடுவார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த கம்பிதான், கீழே ஒரு மரக்கட்டை, மேலே கொக்கி. எங்கள் வீட்டுக் கம்பியில் கரன்ட் பில் தொங்கும். சார் வீட்டுக் கம்பியில் விரித்த கவர்கள் அடுக்கடுக்காகத் தொங்கும். வேலை முடிந்த கவரை அதிலிருந்து எடுத்து, மேஜைக்கடியில் இருந்த மூங்கில் கூடையில் போடுவார்.

முதல் நாளே எனக்குச் சட்டம் சொல்லிவிட்டார்.

"கூடையில கீறது உன்னுது. கம்பியில கீறது இன்னும் முடியல. அதத் தொடாத, இன்னா?"

சரி சார் என்றேன். ஒரு வருடத்துக்கு மேல் அந்தச் சட்டப்படி நடந்தேன். கிளப்பை நடத்திய சிஸ்டருக்கு ஒரு கொள்கை: ஸ்டாம்ப்பின் மேல் கத்தரி படக்கூடாது, ஓரத்துப் பல் போய்விடும், கவரை முழுசாகத் தண்ணீரில் போட வேண்டும். நான் அலுமினிய பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட்டு, கூடைக் கவர்களை ஒவ்வொன்றாக மிதக்க விடுவேன். கொஞ்ச நேரத்தில் ஸ்டாம்ப் வழுக்கிக்கொண்டு தனியே வரும். மசி கரைந்து தண்ணீர் நீலமாகும். அந்த நீலம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதைக் கொண்டுபோய்க் கல்வாழைக்கு ஊற்றுவேன். ஸ்டாம்ப்புகளைக் கண்ணாடி மேல் ஒட்டிக் காய வைப்பேன்.

ஜூலையில் ஒரு மழை நாள் காலை, காலேஜுக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்ற சார் அப்படியே உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த குடையை அவர் இன்னும் விரிக்கக்கூட இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவருடைய காலேஜில் அரை நாள் லீவு விட்டார்கள். பையன்கள் மேட்னி ஷோ போனார்கள். பேப்பரில் ஒரு வரிகூட வரவில்லை. தெருவில் அன்றைக்கு நல்லபடியாகவே நடந்துகொண்டோம், அதைச் சொல்ல வேண்டும். நாற்காலி கொடுத்தோம், காபி கொடுத்தோம், மூன்றாம் நாளிலிருந்து மறந்தோம்.

முப்பதாம் நாள் பூசைக்குத் தங்கவயலிலிருந்து சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்பு ஆன்ட்டி வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தார். சாருடைய நோட்டுப் புத்தகங்களை எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில் அடுக்கி, அந்துருண்டை போட்டு, மேலே ஜெபமாலை வைத்துப் பூட்டினார். அவர் உயிரே அதில்தான் இருக்கிறது என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். அட்டை போட்ட நோட்டு, கோடு போட்ட தாள், அழகான கையெழுத்து. பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் கூடையைப் பார்க்கப் போயிருந்தேன். கூடை காலி. ஆன்ட்டி ஜன்னல் பக்கம் போய், தொங்கிய கவர்களைக் கம்பியோடு கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இந்தா கண்ணு, இதையும் எடுத்துக்கோ. இனிமே இத யாரு பாக்கப் போறாங்க."

முப்பது கவருக்கு மேல் இருந்தது. அதில் ஹங்கேரி நாட்டு முக்கோண ஸ்டாம்ப் மட்டும் நாலு. இரண்டு வாரத்தில் ஸ்கூலில் ஸ்டாம்ப் எக்ஸிபிஷன். எதிர்வீட்டுப் பெண்ணிடம் முக்கோணம் ஒன்றுதான் இருந்தது.

இந்த இடத்தை நான் பல முறை எனக்குச் சாதகமாக ஞாபகப்படுத்திப் பார்த்திருக்கிறேன். சின்னப் பெண், விவரம் தெரியாது, பெரியவர்கள் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். அப்படி இல்லை. கம்பியில் இருப்பது முடியாதது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் சாரைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் நான். ஆன்ட்டிக்குத் தெரியாது, அவர் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கவர் கம்பியிலும் இருக்கும், கூடையிலும் இருக்கும். 'சார் இதைத் தொடக்கூடாதுன்னார் ஆன்ட்டி' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்த வரி தொண்டை வரை வந்தது. முக்கோணத்தைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன்.

அன்று மத்தியானமே பேசினில் போட்டேன். முடியாத கணக்கு என்பதால் எழுத்து அதிகம். இவ்வளவு கறுத்த நீலத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கல்வாழைக்கு ஊற்றக் கை வராமல் பாத்ரூமில் தண்ணீர் போகிற ஜாலியில் கொட்டினேன். ஊறிக் கூழாகிப்போன தாள்களைப் பிழிந்து உருட்டிக் குப்பையில் போட்டேன். ஒரே ஒரு ஸ்டாம்ப், சிவப்பு நிறத்தில் பெரிதாக ஒன்று, தண்ணீரில் பட்டதும் சாயம் விட்டது. அதை மட்டும் வெளியே எடுத்து, சிஸ்டர் சொன்னதை மீறிக் கத்தரியால் கவரோடு சதுரமாக வெட்டி வைத்தேன். எக்ஸிபிஷனில் எனக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. பிளாஸ்டிக் சோப்பு டப்பா.

டிசம்பரில் ஒரு வெள்ளைக்காரர் தெருவுக்கு வந்தார். நெட்டையாக, கசங்கிய கோட்டோடு, ஆட்டோவில் தலையை இடித்துக்கொண்டு இறங்கினார். அந்த முக்கோண ஸ்டாம்ப் எல்லாம் ஒட்டி அனுப்பியவர் அவர்தான். நம் ஊரில் ஏதோ மாநாட்டுக்கு வந்தவர், சார் இறந்ததே அங்கே வந்துதான் தெரிந்திருக்கிறது. ஆன்ட்டி ஜெபமாலையை எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். வெள்ளைக்காரர் அரை நாள் உட்கார்ந்து அத்தனை நோட்டையும் புரட்டினார். எல்லாமே பி.எஸ்ஸி. பையன்களுக்கு எடுத்த பாடக் குறிப்புகள். பத்து வருடப் பாடம், அந்துருண்டை வாசனையோடு. சார் தனக்கு எழுதிய கடைசிக் கடிதத்தைத் தன் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இருநூறு வருடமாக யாரும் போட முடியாத ஒரு கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது, இரண்டு இடம்தான் பாக்கி, ஒன்று சரியாகிவிடும் போலிருக்கிறது, எல்லாம் சேர்ந்ததும் அனுப்புகிறேன் என்று அதில் எழுதியிருந்ததாம். அந்த எல்லாம் எங்கே என்று கேட்டார். அப்போதுதான் ஆன்ட்டிக்குக் கம்பி ஞாபகம் வந்தது.

இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்த எரிச்சலில் இருந்தார். கவர்கள் எங்கே என்று ஆன்ட்டி கேட்டார். குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். அதில் எழுத்து இருந்ததைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். சார் அதைப் பற்றி உன்னிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அப்பா குறுக்கே வந்தார்.

"கவர்தானேம்மா. அதுக்குப் போயி பச்சப் புள்ளைய நிக்க வெச்சிக் கேக்குறீங்களே."

அப்பா நல்ல மனிதர். தன் வேலையில் ஒரு இழை பிசகினால் இரும்பையே தூக்கி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறவர். அந்தக் கவர்களில் அதே வேலைதான் நடந்திருக்கிறது என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. வெள்ளைக்காரர் என் ஆல்பத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். முக்கோணங்கள் வந்த பக்கத்தில் நின்று, இவை நான் ஒட்டியவை என்று விரலால் தொட்டுக் காட்டினார். நன்றாகப் பாதுகாத்து வைத்திருக்கிறாய் என்று இங்கிலீஷில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அவர் ஊருக்குத் திரும்பும் முன் சாரைப் பற்றித் தெருக்காரர்களிடம் பேச ஆசைப்பட்டார். ஆன்ட்டி செகரெட்டரியிடம் போய்க் கேட்டு, சங்கத்து ஹாலில் சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம் வைத்தார்கள். அன்றைக்கு வெளியே மைதானத்தில் பால் பேட்மிண்டன் ஃபைனல். ஹாலுக்கு வந்தவர்கள் ஏழு பேர், மைக் செட்காரரையும் சேர்த்து. அம்மா என்னைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனாள். செகரெட்டரி ஒரே ஒரு மாலை வாங்கியிருந்தார். மேஜை மேல் சாருடைய போட்டோ இருந்தது, பக்கத்தில் வெள்ளைக்காரர் நின்றார். செகரெட்டரி ஒரு நொடிகூட யோசிக்காமல் மாலையை வெள்ளைக்காரர் கழுத்தில் போட்டுக் கும்பிட்டார். போட்டோ மொட்டையாக நின்றது. வெள்ளைக்காரர் சுற்றிலும் பார்த்தார். மாலையைக் கழற்றிப் போட்டோவுக்குப் போட்டார். உயிரோடிருப்பவர் கழுத்தில் விழுந்த மாலையை இறந்தவருக்குப் போடுவதா என்று செகரெட்டரிக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே போனவர் நன்றியுரைக்குத்தான் திரும்பி வந்தார், அதிலும் மைக் செட்காரருக்குத்தான் நன்றி.

வெள்ளைக்காரர் அரை மணி நேரம் பேசினார். வெளியே கைத்தட்டலும் விசிலுமாக இருந்தது. எங்கள் நாட்டில் இந்த மனிதர் பிறந்திருந்தால் அவர் வீட்டு வாசலில் கல்வெட்டு வைத்திருப்போம் என்றார். பாக்கியிருந்த இரண்டு இடத்தில் ஒன்றையாவது அவர் தாண்டியிருப்பார் என்று நினைக்கிறேன், இனி நமக்குத் தெரியப்போவதில்லை என்று முடித்தார். ஆன்ட்டிக்கு இங்கிலீஷ் புரியும். அழவில்லை, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு நேர் பின்னால் இருந்தேன். அப்போதும் சொல்லியிருக்கலாம். வெளியே வந்தபோது மைதானத்துக் கரும்பலகையில் அட்டவணையைப் பார்த்தேன். சார் போன வருடம் போட்டதையே டீம் பேரை மட்டும் மாற்றி எழுதி வைத்திருந்தார்கள். நாம் பெரியவர்களாகும் வரைக்கும்கூட அதுதான் நடந்தது, உங்களில் சிலர் அதில் ஆடியிருக்கிறீர்கள். போட்டது யார் என்று யாரும் கேட்டதில்லை.

அடுத்த மே மாதம் ஆன்ட்டி வீட்டைக் காலி செய்துகொண்டு தங்கவயலுக்கே போனார். போகிற அன்று சொல்லிக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் சமையலறைக்குள் ஒளிந்துகொண்டேன். அவரே உள்ளே வந்து என் தலையில் கை வைத்தார்.

"நீ இன்னா பண்ணுவே கண்ணு. தெரிஞ்சா செஞ்சிருப்பியா? குடுத்தது நான்தானே."

அந்தக் கையை இன்னும் என் தலையில் வைத்துக்கொண்டுதான் திரிகிறேன். தெரியும் ஆன்ட்டி, தெரிந்துதான் செய்தேன் என்று சொல்லியிருந்தால் அந்தப் பழியை அவர் தங்கவயலுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டார். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகு ஒரு நாள் ரயிலேறிப் போய் விசாரித்தேன். மூன்று வருடம் முன்பே இறந்துபோய்விட்டார் என்றார்கள். மன்னிப்புக் கேட்பதை நான் அவ்வளவு நிதானமாகச் செய்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் சிரித்துவிட்டுப் போனபின் வீட்டுக்கு வந்து ஆல்பத்தை எடுத்தேன். அந்தச் சிவப்பு ஸ்டாம்ப்பைக் கத்தரியால் வெட்டினேன் என்றேனே, அதன் பின்னால் கவர்த் துண்டு அப்படியே இருக்கிறது. இரண்டு விரல் அகலம். இத்தனை வருடத்தில் திருப்பிப் பார்க்கத் தைரியம் வந்ததில்லை. அன்றைக்குத் திருப்பினேன். பாதி அடைப்புக்குறி, இரண்டு எழுத்து, ஒரு சமக்குறி. அதற்குக் கீழே சின்னதாகத் தமிழில் 'சரியா?' என்று எழுதியிருக்கிறார். அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டது. பதில் வேறு கவரில் இருந்திருக்கும்.

வருகிற ஞாயிறு நான் கையைத் தூக்கி அந்தப் பேரைச் சொல்லப் போகிறேன். யார் அது, கேள்விப்பட்டதே இல்லையே, அவ்வளவு பெரிய ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். நாடு கண்டுகொள்ளவில்லை, தெரு கண்டுகொள்ளவில்லை என்று உங்களோடு சேர்ந்து நானும் புலம்பலாம், ஆனால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அத்தாட்சியைத் தண்ணீரில் போட்டது அவள்தான்.